ஒரு சிலிண்டரில் மட்டும் பிளக் நனைகிறது: சூடான பிளக் போட்டால் தீருமா?

மார்ச் 2, கேள்வி

40 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்). டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஒரே கார்பரேட்டர். மெதுவாக ஓட்டிக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸிங் வருகிறது. கழற்றிப் பார்த்தால் கீழ் சிலிண்டர் பிளக் கறுப்பாக, சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. மேல் பிளக் பரவாயில்லை. துடைத்துப் போட்டால் ஓடுகிறது, மறுபடியும் அதே கதை. பெட்ரோலில் கலக்கும் ஆயில் 50:1, பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்தே ஊற்றுவேன். பிளக் என்ஜிகே பி7எச்எஸ். மெக்கானிக் ஒரு நம்பர் சூடான பிளக் போடச் சொல்கிறார். போடலாமா?

மார்ச் 2, இரவு

போடாதீர்கள். இப்போதைக்காவது.

இரண்டு சிலிண்டரும் குடிப்பது ஒரே டாங்கிலிருந்து, ஒரே கார்பரேட்டர் வழியாக. ஆயில் அதிகம் என்றால் இரண்டு பிளக்கும் நனைய வேண்டும். சோக் முழுதாகத் திறக்கவில்லை என்றால் இரண்டும் கரியாக வேண்டும். உங்களுக்கு ஒன்றுதான் நனைகிறது. அப்படியென்றால் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் சொந்தமானது எது என்று பாருங்கள்: அதன் பிளக், கேப், ஒயர், காயில் (ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), ரிங், ரீட் வால்வ், ஹெட் கேஸ்கெட்டில் அதன் பக்கம். தேட வேண்டிய இடம் இவ்வளவுதான்.

பிளக்கின் நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் முதலில் கேட்பது எந்த சிலிண்டர் என்றுதான். நிறம் அப்புறம்.

முதல் வேலை, செலவே இல்லாத வேலை: மேல் பிளக்கையும் கீழ் பிளக்கையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறு பிளக்கோடு மேலே போனால் பிளக்தான் கெட்டது. கீழேயே நின்றால் பிளக் பாவம், அதை விட்டுவிடலாம்.

மார்ச் 3

நேற்று அவசரத்தில் விட்டது. சூடான பிளக் என்பது எஞ்சினைச் சூடாக்கும் பிளக் இல்லை. உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கானின் மூக்கு நீளமாக இருந்தால் அதில் ஏறும் சூடு வெளியே போக நேரமாகும், நுனி சூடாகவே நிற்கும். அதுதான் சூடான பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் ஹெட்டுக்குப் போய்விடும், அது குளிர்ந்த பிளக். நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐ நெருங்கினால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே அந்த நுனி நெருப்பு வைத்துவிடும்.

இப்போது உங்கள் மெக்கானிக் சொன்னதை இதில் வைத்துப் பாருங்கள். மெதுவாக ஓட்டும்போது சூடான பிளக் கரியை எரித்துவிடும், நோய் மறைந்த மாதிரி இருக்கும். ஒருநாள் முழு த்ராட்டில் கொடுத்து நெடுநேரம் ஓட்டுவீர்கள். அன்றைக்குப் பிஸ்டன் தலையில் ஓட்டை. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, பிளக்குக்கு ஓய்வே கிடையாது.

மார்ச் 3, பிற்பகல்

"நம்பர் ஏறினால் சூடு ஏறும்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்ஜிகே-யில் நேர்மாறு. நம்பர் ஏற ஏறக் குளிர்ச்சி, அதாவது பி8எச்எஸ் என்பது பி7எச்எஸ்-ஐ விடக் குளிர்ந்தது. சேம்பியனிலும் பாஷிலும்தான் நம்பர் ஏறினால் சூடு. ஒரு கம்பெனி பிளக்கைக் கழற்றிவிட்டு இன்னொரு கம்பெனி பிளக்கை நம்பர் பார்த்துப் போடுபவர்கள் தலைகீழாகப் போட்டுவிட்டு, "சூடாகத்தான் போட்டேன், இன்னும் மோசமாக அடைக்கிறது" என்பார்கள். அட்டவணை பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அந்த எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. பி என்றால் 14 மி.மீ. மரை, எச் என்றால் மரையின் நீளம் 12.7 மி.மீ. நீளம் மாறிய பிளக்கைத் திருகினால் பிஸ்டனில் இடிக்கவும் வாய்ப்புண்டு. நடுவில் ஆர் வந்தால் (பிஆர்7எச்எஸ்) உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. மேனுவல் எதைச் சொல்கிறதோ அதையே போடுங்கள்.

மார்ச் 6

கேட்டவர் எழுதியிருக்கிறார்: பிளக்கை மாற்றிப் போட்டாராம், கீழேயே நனைகிறதாம். "ஸ்பார்க் பார்த்தேன், இரண்டும் பளிச்சென்று அடிக்கிறது" என்கிறார்.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் பாடியில் சாய்த்து வைத்துப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பரிசோதனையில் பாஸ் ஆவது ரொம்ப எளிது. திறந்த காற்றில் 1 மி.மீ. தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட அதைப்போலப் பல மடங்கு வேண்டும். வெளியே நீலமாக அடிக்கும் ஸ்பார்க் உள்ளே போய் மூச்சு விடாமல் படுத்துக்கொள்ளும். இடைவெளி திருகி வைக்கக்கூடிய டெஸ்டர் வாங்கி, 10 மி.மீ. அளவுக்குத் திறந்து வைத்துப் பாருங்கள். அதையும் தாண்டி இரண்டிலும் சமமாக அடித்தால் அப்புறம் காயிலை நம்பலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஹை டென்ஷன் ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றாதீர்கள். சி.டி.ஐ. இக்னிஷனில் (கெபாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தை ஒரேயடியாகக் காயிலுக்குத் தள்ளும் முறை) போக வழியில்லாத மின்னழுத்தம் உள்ளேயே எதையாவது பொசுக்கும். இரண்டாவது, பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீச்சும், அதன் பக்கத்தில் ஸ்பார்க்கை வைத்து விளையாடாதீர்கள்.

மார்ச் 6, சிறு சேர்க்கை

கேப்பையும் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒயரில் திருகி ஏற்றியதாக இருக்கும். உப்புக் காற்றில் உள்ளே பச்சை பூத்துப்போய், வெளியே புதுசு போலவே இருக்கும். ஒயரின் நுனியை ஒரு விரற்கடை வெட்டிவிட்டுத் திரும்பத் திருகினாலே சரியான மோட்டார்களை நான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 7

நனைந்த பிளக் ஏன் வேலை செய்வதில்லை என்று கேட்டவருக்கு: கரி மின்சாரத்தைக் கடத்தும். பீங்கான் மூக்கின் மேல் கரி படிந்தால் மின்சாரத்துக்கு இடைவெளியைத் தாண்டாமலே வீட்டுக்குப் போக ஒரு குறுக்கு வழி கிடைத்துவிடுகிறது. காயில் அழுத்தம் ஏற ஏற அது கரி வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும், தாண்டும் அளவுக்கு ஏறவே ஏறாது. பழைய பாயிண்ட் இக்னிஷனில் அழுத்தம் மெதுவாக ஏறும், அதனால் கசிய நேரம் நிறைய. சி.டி.ஐ.-யில் சட்டென்று ஏறுவதால் கொஞ்சம் கரியைப் பொறுத்துக்கொள்ளும். அதற்கும் ஓர் அளவு உண்டு.

ஸ்பார்க் அடிக்காத சிலிண்டரில் பெட்ரோல் எரியாது, பிளக் இன்னும் நனையும். எது முதலில், எது பின்னால் என்பது பிளக்கைப் பார்த்து மட்டும் தெரியாது. அதனால்தான் இடம் மாற்றிப் போடச் சொன்னேன்.

மார்ச் 10

டெஸ்டரில் இரண்டும் சமம். காயில்களையும் இடம் மாற்றினாராம், கீழேயே நிற்கிறது. கம்ப்ரஷனும் பார்த்துவிட்டார், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்லது. (மற்றவர்களுக்கு: இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, எஞ்சின் சூடாக இருக்கும்போது பாருங்கள். கேஜ் காட்டும் எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.)

ஸ்பார்க் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது. அப்படியானால் கீழ் சிலிண்டருக்கு வேறு எங்கிருந்தோ பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. இங்கேதான் 2-ஆம் தேதி எழுதிய பட்டியலில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பொதுச் சொத்து போலத் தோன்றும், ஆனால் ஒரு சிலிண்டரோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்: ஃபியூயல் பம்ப்.

இந்த மோட்டார்களில் பம்பை ஓட்டுவது மின்சாரமில்லை. ஒரு சிலிண்டரின் கிராங்க் கேஸில் (கிராங்க் சுற்றும் அறை) பிஸ்டன் ஏறி இறங்கும்போது வருகிற அழுத்தமும் உறிஞ்சலும் ஒரு சின்னத் துளை வழியாகப் பம்புக்கு வந்து டயாப்ரமை (பம்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) முன்னும் பின்னும் தள்ளுகிறது. டயாப்ரமின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் கிராங்க் கேஸ். அதில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், பெட்ரோல் கார்பரேட்டருக்குப் போகாமல் நேராக அந்த சிலிண்டரின் வயிற்றுக்குள் இறங்கும். அந்த ஒரு பிளக் மட்டும் நனையும். வேகமாக ஓடும்போது சிலிண்டர் கேட்பதே அதிகம் என்பதால் இந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது. மெதுவாக ஓடும்போது அதுவே வெள்ளம்.

உங்கள் மோட்டாரில் பம்ப் எந்த சிலிண்டரிலிருந்து துடிப்பு எடுக்கிறது என்று பாருங்கள். பம்ப் எஞ்சின் மேலேயே போல்ட் போட்டிருந்தால், பெட்ரோல் ஹோஸை எடுக்காமல் பம்பை மட்டும் கழற்றிப் பிடித்துக்கொண்டு, டாங்க் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பை அமுக்குங்கள். பம்பின் பின்பக்கத் துடிப்புத் துளையிலிருந்து ஒரு சொட்டு பெட்ரோல் வந்தாலும் டயாப்ரம் போய்விட்டது.

மார்ச் 10, இரவு

இதைக் கேட்க மறந்தது: மிஸ்ஸிங் வரும்போது ரப்பர் பல்பைத் தொட்டுப் பார்த்தீர்களா? எஞ்சின் நின்றிருக்கும்போது அமுக்கினால் கல் மாதிரி இறுக வேண்டும். இறுகாமல் போய்க்கொண்டே இருந்தால் ஒன்று டயாப்ரம், இல்லையென்றால் கார்பரேட்டர் ஃப்ளோட் ஊசி உட்காரவில்லை. ஊசி என்றால் இரண்டு பிளக்கும் நனையும்.

மார்ச் 14

"ஒரு சொட்டில்லை, பீச்சியடித்தது" என்று எழுதியிருக்கிறார். டயாப்ரமைப் பிரித்தால் விறைத்துப் போய், மடிந்த இடத்தில் கீறல்.

கிட் வாங்கும்போது கேஸ்கெட்டும் சேர்ந்தே வரும். பிரிக்கும்போது எது எந்த வரிசையில் இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் பம்ப் இழுக்காது, பழி கார்பரேட்டர் மேல் விழும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அலுமினியத்தில் கோடு விழுந்தால் காற்று இழுக்கும்.

பிறகு கீழ் கிராங்க் கேஸில் தேங்கியிருக்கும் பெட்ரோல் காலியாகக் கொஞ்சம் ஓட வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் புகை மண்டினால் பயப்பட வேண்டாம்.

மார்ச் 15

ஒருவர் நியாயமாக மடக்கியிருக்கிறார்: "ஒரு சிலிண்டர் மட்டும் நனைந்தால் ஆயில் காரணமில்லை என்கிறீர்கள். என் மோட்டாரில் ஆயிலைக் குறைத்ததும் கீழ் பிளக் சரியானதே?"

ஆம், அதற்கு இடமிருக்கிறது. அவுட்போர்டில் கிராங்க் செங்குத்தாக நிற்கிறது. நெடுநேரம் ஐடிலில் ஓடினால் எரியாத ஆயில் கீழே கீழே வடிந்து கடைசி சிலிண்டரில் சேரும். அப்படித் தேங்குவதை உறிஞ்சி வேறு இடத்துக்குத் திருப்பிவிட மெல்லிய ஹோஸ்களும் சின்ன ஒருவழி வால்வுகளும் எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும். பல பேர் அவற்றை என்னவென்றே கேட்பதில்லை. அவை கரியில் அடைத்துவிட்டால் கீழ் சிலிண்டர்தான் முழுவதையும் விழுங்கும். அங்கே ஆயிலைக் குறைத்தால் குணம் தெரியும். ஆனால் கோளாறு அந்த வால்வில்தான். ஆக, மேல் சிலிண்டர் மட்டும் நனைந்தால் என் பழைய வாதம் அப்படியே நிற்கும். கீழ் சிலிண்டர் என்றால் இந்த ஹோஸ்களையும் ஒருமுறை ஊதிப் பார்த்துவிடுங்கள்.

மார்ச் 19

பம்ப் மாற்றியபின் கீழ் பிளக் காய்ந்துவிட்டதாம். இப்போது புதுப் புகார்: "இரண்டுமே லேசாகக் கறுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு. வீட்டில் டிரம்மில் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்தேன்."

டிரம்மில் ஓட்டிய பிளக்கைப் படிக்காதீர்கள். அதில் லோடு இல்லை, எல்லாம் ஐடில். புகை போக இடமில்லாமல் அதே புகையை மோட்டார் திரும்பக் குடிக்கும். நானும் ஒரு காலத்தில் டிரம்மில் வைத்துக் கார்பரேட்டர் திருகிக்கொண்டே இருந்தேன், அங்கே சரியானது தண்ணீரில் போனால் வேறு மாதிரி ஓடும்.

பிளக் படிக்கும் முறை: திறந்த தண்ணீரில், லோடோடு, முழு வேகத்தில் ஓட விட்டு, அப்படியே கில் சுவிட்ச் கயிற்றை இழுத்து நிறுத்திவிட்டுக் கழற்ற வேண்டும். கூட இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முன்னால் போய் விழுவார்கள். மெதுவாகக் கரைக்குத் திரும்பி வந்து கழற்றினால் நீங்கள் படிப்பது கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும்தான். காப்பி நிறம் என்றால் நிம்மதி. வெள்ளை வெளேரென்று கொப்பளம் போல இருந்தால் காற்று அதிகம் அல்லது சூடு அதிகம், உடனே நிறுத்துங்கள். பீங்கானில் பளபளவென்று சாம்பல் துகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டன் அலுமினியம். இரண்டில் ஒன்று மட்டும் கழுவி வைத்தாற்போல் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து ஆவியாகித் துடைத்திருக்கும்.

மார்ச் 20

இரண்டும் சமமாகக் கறுப்பதால் இப்போது பொதுச் சொத்துகள் பக்கம் வரலாம்.

ஆயில். 50:1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. நீங்கள் "இன்னும் கொஞ்சம்" என்று 300 ஊற்றினால் அது 33:1. பாதுகாப்பு என்று நினைப்பது பாதி உண்மை. ஜெட் வழியாகப் போகும் அளவு மாறுவதில்லை, ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். புது எஞ்சினைப் பழக்கும்போது 25:1 சொல்வார்கள், அது வேறு. ஆயில் டின்னில் டிசி-டபிள்யூ3 (தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயிலின் தரக் குறி) என்று இருக்கிறதா? பைக்குக்கு வருகிற டூ ஸ்ட்ரோக் ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. அதில் உள்ள சில சேர்மானங்கள் எரிந்து சாம்பலாகும், தண்ணீரில் குளிரும் எஞ்சினில் அது பிளக் இடைவெளியிலேயே பாலம் கட்டும்.

ஆயில் இன்ஜெக்ஷன் உள்ள மோட்டார் வைத்திருப்பவர்கள் ஒன்று பாருங்கள்: டாங்கிலும் கலந்து, தனி ஆயில் டாங்கிலிருந்தும் போய்க்கொண்டிருந்தால் இரட்டைப் படையல். கைமாறி வாங்கிய மோட்டார்களில் இது சகஜம்.

மார்ச் 21

தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும்வரை குளிர்விக்கும் தண்ணீரைத் தடுத்து வைக்கும் வால்வ்) பார்த்தீர்களா என்று கேட்டேன். "அது இல்லை, முந்தைய ஓனர் எடுத்துவிட்டாராம், சூடாகாமல் இருக்க" என்று பதில்.

அதுதான் விஷயம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில் எப்போதும் பச்சைத் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். சிலிண்டர் சுவர் சூடே ஏறாது, பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டும், ஆயில் அரைகுறையாக எரியும். மெதுவாக ஓட்டுபவர்களுக்கு இது பிளக்கைத் தின்றுகொண்டே இருக்கும். சூடாகிறது என்று எடுத்தவர் தண்ணீர் பம்பின் இம்பெல்லரை மாற்றியிருக்க வேண்டும்.

பல அவுட்போர்டுகளில் அது 50 முதல் 60 டிகிரிக்குள் திறக்கும். கார் தெர்மோஸ்டாட்டைப் போட்டுவிடாதீர்கள், அது 80-க்கு மேல்தான் திறக்கும், உப்புத் தண்ணீரில் அந்தச் சூட்டுக்கு உப்பு உள்ளேயே படியும். பழையது இருந்தால் நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், எங்கே திறக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். மணல் சிக்கித் திறந்தே நிற்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

மார்ச் 22

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வந்து, கார்பரேட்டரில் உள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலையில் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, கயிற்றை இழுக்க இழுக்கப் பிளக் குளித்துக்கொண்டே இருக்கும்.

மார்ச் 23

புரொப்பெல்லரும் பிளக்கைக் கரியாக்கும் என்றதும் ஒருவர் சிரித்திருக்கிறார். பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) அதிகமான புரொப்பெல்லர் போட்டால் முழு த்ராட்டிலிலும் மேனுவல் சொல்லும் ஆர்.பி.எம். வராது, எஞ்சின் திணறிக்கொண்டே ஓடும், கரி சேரும். பிட்ச் ஒரு அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும். டாக்கோமீட்டர் இல்லாமல் இதைப் பேசிப் பயனில்லை.

மார்ச் 29

தெர்மோஸ்டாட் போட்டாயிற்று, ஆயில் அளந்து 200 மில்லி, பிளக் இரண்டும் காப்பி நிறம். அதே பி7எச்எஸ்தான்.

கழற்றிய பழைய பிளக்குகளை என்ன செய்வது என்று கேட்கிறார். பீங்கான் கீறாமல், எலெக்ட்ரோட் முனை மழுங்காமல் இருந்தால் கார்பரேட்டர் க்ளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து உலர்த்தி ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பீங்கானில் இரும்புக் கோடு விழும், அதுவும் மின்சாரத்துக்கு வழிதான். மணல் அடித்துச் சுத்தம் செய்யும் மெஷினும் வேண்டாம், ஒரு துகள் உள்ளே தங்கினாலும் அது சிலிண்டரில்தான் விழும்.

இடைவெளியை ஃபீலர் கேஜில் முன்கூட்டியே வைத்து, ஈரம் படாத டப்பாவில் போட்டு, 20.8 மி.மீ. பிளக் ஸ்பேனரோடு படகிலேயே வைத்திருங்கள். புதுப் பிளக் என்றால் கையால் முழுதாகத் திருகிய பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, கொஞ்சம் கூடப் போகலாம். பழைய பிளக்கின் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே போதும். லூசாக விட்டால் சூடு ஹெட்டுக்குப் போகாது, பிளக் நுனி வெந்துவிடும். முரட்டுத்தனமாக முறுக்கினால் அலுமினிய மரை கையோடு வரும்.